பட்டாவோடு நிறுத்தாமல் எஃப்எம்பியையும் திறந்து பாருங்கள்: நில ஆவணங்கள் இணைய சேவை, ஒரு விமர்சனம்

தமிழ்நாடு அரசின் நில ஆவணங்கள் இணையதளத்தை, 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்று போட்டிருக்குமே அதைத்தான் சொல்கிறேன், நம்மில் பலரும் பட்டா எடுக்க மட்டுமே திறக்கிறோம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் எல்லாம் கொடுத்து, பட்டா வந்ததும் பிரின்ட் போட்டு, "பேர் சரியா இருக்கு, அட்வான்ஸ் கொடுத்துடலாம்" என்று முடித்துவிடுகிறோம். அதே தளத்தில் அதே சர்வே எண்ணுக்கு எஃப்எம்பி என்ற புலப்படமும் கிடைக்கிறது. நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு பட்டாவில் பதிலே கிடையாது, இந்தப் புலப்படத்தில்தான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் லட்சக்கணக்கில் பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் வரப்புத் தகராறில் வருஷக்கணக்காக அலைகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் அக்காவும் மாமாவும் டெல்டா பக்கம் கொஞ்சம் நஞ்சை வாங்க முடிவு செய்தார்கள். காகிதங்களைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. விற்பவர் கையில் ஒரு தனியார் சர்வே வரைபடம் இருந்தது, கலரில், பெரிய தாளில், லேமினேட் செய்தது. அதில் பரப்பு 64 சென்ட். தாய்ப்பத்திரத்தில், அதாவது நிலத்தின் பழைய மூலப்பத்திரத்தில், 62 சென்ட். இணையத்தில் எடுத்த பட்டாவில் 0-25.00 என்று ஹெக்டேர் ஏர் கணக்கு, அதாவது 25 ஏர். ஒரு ஏர் 2.471 சென்ட் என்பதால் 61.78 சென்ட். ஒரே நிலத்துக்கு மூன்று காகிதத்தில் மூன்று பரப்பு. "ரெண்டு சென்ட் கூடத்தானே இருக்கு மாப்ளே, நமக்கு நல்லதுதானே" என்றார் மாமா. பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் உள்ள வித்தியாசம் நூறு சதுர அடிகூட இல்லை, பழைய ஏக்கர் கணக்கை மெட்ரிக்குக்கு மாற்றும்போது அப்படி வருவது சகஜம், அதை விட்டுவிடலாம். கூடுதலாக வந்த அந்த இரண்டேகால் சென்ட்தான் எனக்கு உறுத்தியது.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம், அதைத் தெரிந்துகொண்டால்தான் எந்தக் காகிதத்துக்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது என்று புரியும். நம் மாநிலத்தில் எல்லைக்கு அடிப்படை 1923-ம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். ஒரு பகுதியை அளக்கப் போகிறோம் என்று முறைப்படி அறிவிக்கை வர வேண்டும், நிலத்துக்காரர்களுக்குத் தகவல் கொடுத்து எல்லையைக் காட்டச் சொல்ல வேண்டும், தகராறு இல்லாத எல்லையை அப்படியே பதிவு செய்ய வேண்டும், தகராறு இருந்தால் சர்வே அதிகாரி விசாரித்துக் காரணத்தோடு எழுத்தில் உத்தரவு போட வேண்டும், அதன்மேல் மேல்முறையீட்டுக்கும் இடம் கொடுக்க வேண்டும். இவ்வளவும் முடிந்து, அளவை நிறைவடைந்தது என்று 13-வது பிரிவின்படி அறிவிப்பு வெளியானால், அந்த ஆவணத்தில் பதிவான எல்லைகள் சரியாகவே தீர்மானிக்கப்பட்டவை என்பதற்கு அந்த ஆவணமே இறுதிச் சான்று. ஆட்சேபணை உள்ளவர் அறிவிப்பு வந்த தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறது 14-வது பிரிவு. கோர்ட் மாற்றாதவரை அந்தக் கோடுதான் கோடு.

இங்கே ஒன்றைக் கவனமாகப் படிக்க வேண்டும். இறுதிச் சான்று என்று சட்டம் சொல்வது எல்லைக்கு மட்டும்தான். நிலம் யாருடையது என்பதை சர்வே அதிகாரி தீர்மானிக்க முடியாது, அது பத்திரங்களையும் கோர்ட்டையும் சேர்ந்த விஷயம். அதேபோல பட்டா மட்டுமே உரிமையை உருவாக்கிவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆக, யார் பெயர் என்பதற்கு ஒரு வகைக் காகிதம், எங்கே என்பதற்கு வேறொரு வகைக் காகிதம். இரண்டையும் கலந்துகொள்வதில்தான் பாதிக் குழப்பம்.

பத்திரத்துக்கு வருவோம். 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம் 21-வது பிரிவில், சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் இல்லாத பத்திரத்தைப் பதிவுக்கு ஏற்கக் கூடாது என்கிறது. நிலம் என்றால் அது எந்தப் பகுதியில் இருக்கிறது, பரப்பு எவ்வளவு, எந்தச் சாலையை, யாருடைய சொத்தை ஒட்டியிருக்கிறது, யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் சொல்ல வேண்டும், முடிந்த இடத்தில் அரசு வரைபடத்தையோ சர்வேயையோ குறிப்பிட்டும் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த பிரிவிலேயே ஒரு தளர்வு இருக்கிறது: சொத்தை அடையாளம் காண முடிகிற அளவுக்கு விவரம் இருந்தால், சர்வே குறிப்பு சரியாக இல்லை என்பதற்காக மட்டும் பதிவை மறுக்க வேண்டியதில்லை. மங்கலான செக்குபந்தி, அதாவது நான்கு பக்க எல்லை விவரம், உள்ள பத்திரங்களும் காலம் காலமாகப் பதிவாகி வந்திருப்பது இப்படித்தான். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதாலேயே அதிலுள்ள எல்லை தரையில் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

எங்கள் தாய்ப்பத்திரத்தின் செக்குபந்தியில் இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்கு வடக்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு என்று எழுதியிருந்தது. இதை அவசரத்தில் திருப்பிப் புரிந்துகொள்கிறவர்கள் நிறைய: வாய்க்காலுக்குக் கிழக்கு என்றால் நம் நிலத்துக்கு மேற்கில் வாய்க்கால் ஓடுகிறது என்று பொருள். அதில் சொல்லியிருந்த பெயர்கள் எல்லாம் இரண்டு தலைமுறைக்கு முந்தையவை, இப்போது அந்த நிலங்கள் யார் யார் கையிலோ இருக்கின்றன. நான்கு பக்க நீளம் எங்கும் இல்லை. சர்வே எண்ணும் பழைய எண். எல்லைக்கும் பரப்புக்கும் முரண்பாடு வந்தால் பொதுவாக எல்லை விவரத்துக்குத்தான் கோர்ட் முன்னுரிமை கொடுக்கும் என்பதால் செக்குபந்தியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இதில் உறுதியான எல்லை என்று சொல்லும்படி இருந்தது வாய்க்கால் ஒன்றுதான்.

சரி, இணைய சேவைக்கு வருகிறேன்.

பட்டா. கைபேசி எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தால் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. மேலே 'நில உரிமை விபரங்கள்: இ. எண் 10(1) பிரிவு' என்று இருக்கும், பட்டா எண், உரிமையாளர் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், அப்புறம் ஒரு அட்டவணை: புல எண் (சர்வே எண்தான்), உட்பிரிவு, புன்செய், நன்செய், மற்றவை என்று பிரித்துப் பரப்பும் தீர்வையும், அதாவது நிலவரியும். கீழே குறிப்பு எண்ணும் கியூஆர் கோடும் இருப்பதால், யாராவது நீட்டுகிற பட்டா நகல் உண்மையானதா என்று நாமே சரிபார்த்துக்கொள்ளலாம். இந்த வசதியை நான் மனதாரப் பாராட்டுகிறேன், போலி நகலைக் காட்டி ஏமாற்றுவது இதனால் மிகவும் கடினமாகிவிட்டது. ஆனால் பட்டாவில் ஒரு பக்கத்தின் நீளம்கூடக் கிடையாது, பக்கத்து நிலம் எது என்று கிடையாது. கூட்டுப்பட்டா என்றால் எல்லாப் பெயரும் வரிசையாக இருக்கும், யாருக்கு எந்தப் பக்கம் எவ்வளவு என்று இருக்காது. இவ்வளவு பேர், இவ்வளவு பரப்பு, இவ்வளவு தீர்வை, அவ்வளவுதான். பட்டாவின் வேலையும் அதுதான், அதற்குமேல் அதில் எதிர்பார்ப்பது நம் தவறு.

அடுத்து 'அ' பதிவேடு, கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நில விவரம் சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு. இதைப் பலர் தொடுவதே இல்லை, எனக்கோ இது பட்டாவைவிடப் பயனுள்ளதாகத் தெரிந்தது. பழைய புல எண் தனிக் கட்டத்தில் இருக்கிறது, தாய்ப்பத்திரத்தில் உள்ள எண்ணும் இன்றைய எண்ணும் ஒரே நிலம்தான் என்று அங்கேதான் ஒத்துப் பார்த்தேன். அரசு நிலமா ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா), நன்செய்யா புன்செய்யா, பாசன ஆதாரம் என்ன, இருபோக நிலமா, மண் வயனமும் ரகமும், மண் தரம், தீர்வை வீதம், பரப்பு, கடைசியில் பட்டா எண்ணும் பெயரும் குறிப்பும். விற்பவர் நிலத்துக்கு மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், சுற்றியுள்ள ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எடுங்கள். நான் மேற்குப் பக்கத்து எண்ணைப் போட்டபோது அது அரசு நிலம், வாய்க்கால் என்று வந்தது. அதாவது வாய்க்கால் எங்கள் சர்வே எண்ணுக்குள் ஓடவில்லை, அதற்குத் தனி எண், தனிப் பரப்பு, தனி எல்லை. பொதுச் சாலை, ஆறு, ஏரி, குளம், வாய்க்கால் போன்றவை, தனியாருடையவை என்று நிறுவப்பட்டால் ஒழிய, அரசின் சொத்து என்பது 1905-ம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அதில் வேலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு எத்தனை வருஷம் பயிர் செய்தாலும், விற்பவரால் அந்தப் பகுதியை நமக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

இப்போது எஃப்எம்பி. இந்தச் சேவையிலேயே மிகப் பெரிய விஷயம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. முன்பெல்லாம் இதன் நகலுக்கே தாலுகா ஆபீஸுக்கு மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இப்போது வீட்டிலிருந்தே பிடிஎஃப் ஆக எடுக்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், பரப்பு, அளவுகோல் மேலே இருக்கும். நடுவில் நிலத்தின் உருவம், உட்பிரிவு இருந்தால் அந்தக் கோடுகள், வெளிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சர்வே எண்கள், ஒவ்வொரு பக்கத்தின் நீளம் மீட்டரில். உள்ளே குறுக்காக ஒன்றிரண்டு கோடுகள் ஓடும், அதை ஜி லைன் என்பார்கள், சுற்றியுள்ள எல்லைக் கோட்டை எஃப் லைன் என்பார்கள். குறுக்குக் கோட்டிலிருந்து செங்குத்தாக மூலைகளுக்கு எடுத்த அளவுதான் ஆஃப்செட்.

முதல் முறை பார்க்கிறவருக்கு இது எண்கள் சிதறிக் கிடக்கிற மாதிரி இருக்கும். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு என்பது தெரியும். எங்கள் புலத்தையே எடுத்துக்கொள்கிறேன். அதில் உட்பிரிவு இல்லை, கிட்டத்தட்ட நீள்சதுரம். தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்கு ஒரு குறுக்குக் கோடு, 80.0 மீட்டர். அதில் தென்மேற்கிலிருந்து 64.8 மீட்டர் வந்ததும் இடது பக்கம் செங்குத்தாக 31.4 மீட்டர் போனால் வடமேற்கு மூலை. வலது பக்கம் இன்னொரு ஆஃப்செட், 31.1 மீட்டர், அது தென்கிழக்கு மூலை. இரண்டு ஆஃப்செட்டையும் கூட்டினால் 62.5. அதை 80-இன் பாதியான 40-ஆல் பெருக்கினால் 2500 சதுர மீட்டர். 25 ஏர். பட்டாவில் இருக்கிற அதே 0-25.00. மேற்குப் பக்க நீளத்தையும் இதே எண்களிலிருந்து கணக்குப் போட்டால் 72 மீட்டர் வருகிறது, படத்திலும் 72.0 என்றே இருக்கிறது. ஒரு தாள் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிறது.

நில அளவை ஆவணத்துக்கு என்னைக் கேட்டால் ஒரே ஒரு பரீட்சைதான்: நாளைக்குக் கல்லெல்லாம் காணாமல் போனாலும், முகம் தெரியாத இன்னொரு சர்வேயர் இந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அதே கோட்டை அதே இடத்தில் திரும்பப் போட முடியுமா? சட்டம் ஆவணத்துக்கு இவ்வளவு மதிப்பு கொடுக்கிறது என்றால், ஆவணம் இதைச் செய்யக் கூடியதாக இருக்க வேண்டும். எஃப்எம்பி இந்தப் பரீட்சையில் தேறுகிறது. எங்கள் விஷயத்திலேயே அது நடந்தது. கிழக்குப் பக்கம் இரண்டு மூலையிலும் சர்வே கல் இருந்தது, களையை விலக்கிப் பார்த்தால் தெரிந்தது. வாய்க்கால் பக்கம் இரண்டு கல்லையும் காணோம். ஆனாலும் கிழக்கே இருக்கிற இரண்டு கல்லுக்கும் நடுவே அளந்து அது படத்தோடு ஒத்துப்போகிறது என்று உறுதி செய்துகொண்டால், அங்கிருந்து மேற்கு மூலைகள் இரண்டையும் அளவுகளை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லைக் குறிகளைப் பராமரிப்பதும் பழுதுபார்ப்பதும் பதிவு பெற்ற நிலத்துக்காரரின் கடமை என்று அதே 1923 சட்டத்தின் 15-வது பிரிவு சொல்கிறது. செய்யத் தவறினால் அரசு கல்லைப் போட்டுவிட்டுச் செலவை நம்மிடம் வசூலிக்கலாம். அரசு நட்ட எல்லைக் குறியை அழிப்பதும் நகர்த்துவதும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 434-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை கிடைக்கக் கூடிய குற்றமாக இருந்தது, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது குற்றம்தான். இவ்வளவு இருந்தும் டிராக்டர் ஓட்டும்போது இடைஞ்சல் என்று கல்லைப் பிடுங்கி ஓரமாகப் போடுவது நம் ஊர்ப்பக்கம் சர்வசாதாரணமாக நடக்கிறது. நிலம் வாங்கப் போகும்போது கல் எங்கே என்று கேளுங்கள், விற்பவர் கையால் காட்டச் சொல்லுங்கள், "வேலிதான் எல்லை" என்று பதில் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

அந்தக் கலர் வரைபடத்தைப் பற்றி இப்போது சொல்லலாம். வரைந்து கொடுத்த தனியார் சர்வே ஆளின் பெயரை எழுதப் போவதில்லை, எழுதவும் முடியாது, ஏனென்றால் வரைபடத்தில் அவர் பெயரே இல்லை. உரிமம் பெற்றவரா என்று தெரியாது. எந்தத் தேதியில் அளந்தது, எந்தக் கருவியால் அளந்தது, எந்த அளவுகோல், எதுவும் இல்லை. வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறி இருந்தது, நான்கு மூலைக்கும் அட்சரேகை தீர்க்கரேகை எண்கள் இருந்தன, நிலம் பச்சை நிறத்தில் அழகாக இருந்தது. பக்கத்துச் சர்வே எண்கள் இல்லை. எந்த மூலையில் கல் இருந்தது, எதில் இல்லை என்ற குறிப்பு இல்லை. வாய்க்காலை ஒரு நீலக் கோடாகப் போட்டிருந்தார், அதன் அகலம் எவ்வளவு என்று இல்லை. கருவி எது என்பது சின்ன விஷயம் இல்லை: கையடக்க ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும், நிலையான தளத்திலிருந்து திருத்தம் பெறும் டிஜிபிஎஸ் ரோவர் சென்டிமீட்டர் கணக்கில் துல்லியமாக இருக்கும். இரண்டில் எது என்று சொல்லாமல் மூலைக்கு எண் போட்டால் அந்த எண்ணை வைத்து எதுவும் செய்ய முடியாது.

பெரிய கோளாறு வேறு. அவர் அளந்தது வேலியை. விற்பவர் காட்டிய வேலியோரமாக நடந்து அந்த உருவத்தின் பரப்பைக் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறார், சர்வே எல்லையைத் தேடவே இல்லை. ஒருவர் அனுபவத்தில் எவ்வளவு வைத்திருக்கிறார் என்பதற்கு அது படம், அவ்வளவுதான். 'அனுபவ எல்லை' என்று தலைப்புப் போட்டிருந்தாலாவது நேர்மையாக இருந்திருக்கும். சாட்சியச் சட்டத்திலும் இந்த வேறுபாடு இருக்கிறது: அரசு அதிகாரத்தின்பேரில் தயாரான வரைபடம் சரியானது என்று கோர்ட் அனுமானித்துக்கொள்ளும், ஒரு வழக்குக்காகவே தயாரித்த வரைபடம் என்றால் அது சரியானது என்று தாக்கல் செய்பவர்தான் நிரூபிக்க வேண்டும். பழைய சட்டத்தில் இது 83-வது பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்திலும் இதே விதி தொடர்கிறது.

தனியார் சர்வேயர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எஃப்எம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கல்லைத் தேடி, கிடைத்ததையும் கிடைக்காததையும் எழுதி, படத்தின் அளவையும் தரையின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, கையெழுத்தும் தேதியும் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுக்கிற பணம் வீண் இல்லை. இவர் கொடுத்ததற்கு என்னால் ஐந்தில் ஒன்றுக்குமேல் கொடுக்க முடியாது, அந்த ஒன்றும் வேலி எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள உதவியதற்காக.

கடைசியில் சர்க்கார் சர்வேயர் வந்து அளக்க விண்ணப்பித்தோம், இதற்கும் இப்போது இணையத்திலேயே வழி இருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் தகவல் சொல்லி, அவர்களை வைத்துக்கொண்டே அளந்தார்கள். மேற்கு எல்லைக்கும் வேலிக்கும் நடுவே ஏறத்தாழ ஒண்ணேகால் மீட்டர். 72 மீட்டர் நீளத்துக்கு அது 90 சதுர மீட்டர், சென்ட் கணக்கில் 2.2. மாமா சந்தோஷப்பட்ட கூடுதல் சென்ட் முழுவதும் வாய்க்கால் கரை. பத்திரத்தில் 64 என்று எழுதி வாங்கியிருந்தால், இல்லாத நிலத்துக்குப் பணமும் கொடுத்து, பத்திரச் செலவும் செய்து, என்றைக்காவது ஆக்கிரமிப்பு நோட்டீஸையும் வாங்கியிருப்போம்.

இணைய சேவையில் குறை இல்லாமல் இல்லை. எஃப்எம்பி பிடிஎஃப்பை ஏ4 தாளில் அச்சடிக்கும்போது, பக்கத்துக்குப் பொருந்தும்படி பிரின்டர் சுருக்கிவிட்டால், மேலே 1:1000 என்றோ 1:2000 என்றோ போட்டிருப்பது அந்தத் தாளுக்குப் பொருந்தாது. ஸ்கேல் வைத்து அளந்து பரப்புச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், அச்சிட்டிருக்கும் எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த எச்சரிக்கையை அந்தத் தாளிலேயே ஒரு வரி சேர்த்திருக்கலாம். சின்னச் சின்ன உட்பிரிவுகள் உள்ள புலத்தில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து படிக்க முடியாமல் போகும், பெரிதாக்கிப் பார்த்தாலும் சில இடங்களில் தெளிவு வராது, அப்போது தாலுகா அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குவதுதான் வழி. வழக்கு என்று வந்தாலும் சான்றிட்ட நகல்தான் வேண்டும். பட்டாவில் உட்பிரிவு எண் வந்திருக்கும், புலப்படத்தில் அந்தக் கோடு இன்னும் ஏறியிருக்காது, இப்படியும் நேர்வதுண்டு. கோடு இல்லாத உட்பிரிவுக்கு எல்லை இன்னும் தாளில் பிறக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இருக்கும் பெரிய ஆசை, ஒவ்வொரு மூலையிலும் கல் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது என்ற தேதியும் அந்தப் படத்தில் வர வேண்டும் என்பது. எண்கள் எவ்வளவு சரியாக இருந்தாலும் தரையில் தொடங்க ஒரு கல்லாவது வேண்டுமே.

பட்டாவுக்கு ஐந்தில் மூன்று, 'அ' பதிவேட்டுக்கு நான்கு, எஃப்எம்பிக்கு நான்கரை என்று கொடுப்பேன். பட்டணத்தில் வாங்குகிறவர்களுக்கு இது கொஞ்சம் மாறும், அங்கே நகர நில அளவைப் பதிவேடு, வார்டு, பிளாக், டிஎஸ் எண் (நகர சர்வே எண்) என்று போகும், பரப்பு சதுர மீட்டரில் இருக்கும், ஆனால் பார்க்க வேண்டியது இதே விஷயங்களைத்தான்.

எங்கள் கிரயம் 25 ஏருக்கு, அதாவது 61.78 சென்ட்டுக்கு விலை போட்டு முடிந்தது. விற்பவர் வேலியைப் பின்னால் நகர்த்திய பிறகுதான் பதிவுக்குப் போனோம். சொத்து விவரத்தில் பழைய எண்ணும் புதிய எண்ணும், பரப்பு ஹெக்டேரிலும் சென்ட்டிலும், நான்கு பக்க நீளமும், செக்குபந்தியில் ஆள் பெயரோடு பக்கத்துச் சர்வே எண்ணும் எழுத வைத்தோம், எஃப்எம்பி நகலையும் பத்திரத்தோடு இணைத்தோம். பத்திர எழுத்தர் வழக்கமாக எழுதும் விவரத்தைவிட இது அரைப்பக்கம் கூடுதல், கேட்டால் எழுதிக் கொடுக்கிறார்கள்.

கூட்டுப்பட்டாவில் ஒருவருடைய பங்கை மட்டும் வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் இது போதாது. அங்கே நீங்கள் வாங்கும் பகுதிக்கென்று எஃப்எம்பியில் கோடே இருக்காது, பங்காளிகள் வாய்வார்த்தையாகப் பிரித்து அனுபவிக்கிற வரப்புதான் இருக்கும். முதலில் விற்பவரை உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கச் சொல்லுங்கள், புதிய உட்பிரிவு எண்ணும் கோடும் புலப்படத்தில் ஏறியதை நீங்களே தளத்தில் திறந்து பார்த்த பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.